ஸ்கேன் சரி, தலைதான் சரியில்லை: அடிபட்ட மூளைக்கு எந்த வழி?

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சந்தையைத் தாண்டியதும் வருகிற வளைவில், மீன் வண்டி சிந்திவிட்டுப் போன தண்ணீரில் என் ஸ்கூட்டர் வழுக்கியது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கி நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. தலையில் ஹெல்மெட் இருந்தது. அதன் வலப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்த தடம் இன்றும் இருக்கிறது. யாரோ மலையாளத்தில் என் பெயரைக் கேட்டார்கள், நான் தமிழில் வீட்டுக் கதவிலக்கத்தைச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. "எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இனி என்னென்ன வரும், எத்தனை நாள் இருக்கும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அடுத்த இரண்டு மாதம் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன்.

ஆறாவது வாரத்திலும் நான் பழைய ஆளாகவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பேரேட்டில் ஒரு பத்தியைக் கூட்டி அடியில் வருவதற்குள் கையிருப்பு எண் மறந்துபோகும். பின்மண்டையில் வலி. ட்யூப்லைட்டைப் பார்த்தால் எரிச்சல். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறை சுழலும். இரவு ஒரு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கம் இல்லை. எட்டு வயது மகள் ஸ்டீல் தட்டைக் கீழே போட்டதற்கு நான் போட்ட கூச்சலைக் கேட்டு, அடுக்களையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "இருட்டறையில் படுத்திருங்கள், ஒரு மாதத்துக்கு ஒன்றும் வேண்டாம்" என்றாள் மனைவி. "திருவனந்தபுரத்துக்கு வாருங்கள் அத்தான், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்றார் பாளையத்தில் கடை வைத்திருக்கும் மைத்துனர். "அடி பட்டது வர்மத்தில் மக்களே, ஆசானிடம் போகாமல் எது தீரும்?" என்றார் அம்மா. மருந்துக்கடைக்காரர் மூளை நரம்புக்கு என்று ஓர் அட்டை மாத்திரையை எடுத்து நீட்டினார். கடைசியாக, நாகர்கோவிலில் பிசியோதெரபி படித்த முதலாளியின் மகள், "நடங்கள்" என்றாள். தலைவலிக்காரனை நடக்கச் சொல்கிறாளே என்று அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஐந்து வழியையும் ஏதோ ஓர் அளவுக்குப் பார்த்துவிட்டேன். யாருக்கு எது பொருந்தும் என்பதை அந்த அனுபவத்தை வைத்தும், பிறகு படித்ததை வைத்தும் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. கணக்குப்பிள்ளை கணக்குப்பிள்ளையாகத்தான் ஒப்பிடுவேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் கன்கஷன் என்பதை நாம் மூளை அதிர்ச்சி என்கிறோம். தலை சட்டென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ உள்ளே மூளை குலுங்குகிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன, செல்லுக்குள்ளும் வெளியிலும் இருக்க வேண்டிய உப்புகள் இடம் மாறுகின்றன. அவற்றைத் திரும்ப ஒழுங்குபடுத்த மூளைக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும், அதே நேரத்தில் அங்கே போகும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ஸ்கேன் பார்ப்பது கட்டடத்தை. சுவரில் விரிசல் இருக்கிறதா என்று சொல்லும். வீட்டில் லோ வோல்டேஜ் என்பதைச் சொல்லாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். மண்டை உடையாமல் காக்கும். உள்ளே குலுங்குவதை முழுவதும் தடுக்காது. அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்பது வேறு.

பெரும்பாலானவர்களுக்கு இது இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்கள், நான்கு வாரம் தாண்டியும் இருந்தால்தான் அதை நீடித்த தொல்லை என்று வகைப்படுத்தினார்கள். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களிடம் மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒற்றை நோயாக இருப்பதில்லை. கழுத்துத் தசை ஒரு பக்கம் வலிக்கும், உள்காது ஒரு பக்கம் குழம்பியிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், பழைய ஒற்றைத் தலைவலி கிளம்பியிருக்கும், பயம் வேறு. எந்த ஆஸ்பத்திரி என்று நாங்கள் ஆறு வாரமாக வீட்டில் சண்டை போட்டோம். எந்தப் பாகம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இருட்டறை

முதல் வழி மனைவியுடையது. செலவில்லை, அன்பும் இருக்கிறது. ஜன்னலில் பழைய கைலியைக் கட்டி, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மூன்று வாரம் படுக்கவைத்தாள்.

முதல் இரண்டு நாளுக்கு இது சரியான வைத்தியம்தான். போன் திரையை 48 மணி நேரம் ஒதுக்கியவர்கள் விரைவாகத் தேறினார்கள் என்று 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 12 முதல் 25 வயது வரையிலான அவர்களில், ஒதுக்கியவர்களுக்கு நடுவெண்ணாக (பாதிப் பேர் தேறுவதற்குள் ஆன நாள்) மூன்றரை நாள், பார்த்தவர்களுக்கு எட்டு நாள். ஆனால் அதற்கு மேலும் படுத்துக்கிடந்தால் கதை மாறுகிறது. 2015-இல் வெளியான இன்னொரு சோதனையில், 11 முதல் 22 வயதுக்காரர்களில் ஒரு பகுதியினரை ஐந்து நாள் முழு ஓய்வில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் பழைய வேலை. ஐந்து நாள் படுத்தவர்கள்தான் கூடுதலான தொல்லைகளைச் சொன்னார்கள், தேறவும் அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு நடந்ததும் அதுவே. பகலில் தூங்கியதால் இரவுத் தூக்கம் போனது. அசையாமல் கிடந்ததால் கழுத்து இறுகியது. வேறு வேலை இல்லாததால் ஒவ்வொரு நிமிடமும் தலையையே கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் கைலியை அவிழ்த்தபோது, எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் வெளிச்சமே கண்ணில் குத்தியது. அடி அத்தனை மோசம் இல்லை. கண்ணை இருட்டுக்குப் பழக்கியது நாங்கள்தான்.

எல்லை தாண்டி இன்னொரு ஸ்கேன்

எங்கள் பக்கத்தில் நோய் கொஞ்சம் இழுத்தால் எல்லாரும் பார்ப்பது வடமேற்கே. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்; பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என்று பஸ்ஸில் தூங்கி எழுந்தால் போய்விடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், பெரிய நோய்க்கு அனந்தபுரி என்பது மாறவில்லை. அங்கே ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. மூளை, நரம்பு, இதயம் என்றால் ஊரில் அதன் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அது பரிந்துரைக் கடிதத்தோடு போகிற இடம். வலிப்பு, கட்டி, இரத்தக்குழாய் வீக்கம் போன்றவற்றுக்கு அங்கே போய்க் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. என்னைப் போன்றவன் போனால், அவசரமாக இடம் தேவைப்படுகிற இன்னொருவரின் வரிசையில் நின்றதாகத்தான் ஆகும்.

மைத்துனர் விடவில்லை, ஒரு தனியார் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். என் கணக்குப் புத்தகத்தில் இந்த முழுக் கதையிலும் மிகப் பெரிய செலவு அதுதான். முடிவு: நார்மல். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது மறுபடி தலை சுற்றியது.

பணம் வீண் என்று முழுக்கச் சொல்ல மாட்டேன், அன்று இரவு மனைவி நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் இரண்டாவது ஸ்கேன் நிம்மதிக்கு எடுப்பது இல்லை என்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பழைய தொழிலாளி. இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர். குளியலறையில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டார், வீக்கம்கூட இல்லை. மூன்று வாரம் கழித்துக் கடைக்கு வந்தவரின் இடது கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. பேச்சிலும் ஒரு மந்தம். வயதானதால் என்று மகன் நினைத்தான். ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய இரத்தம் தேங்கியிருந்தது. சிறு துளையிட்டு வடித்தார்கள். இப்போது மறுபடி சாயங்காலம் சீட்டு விளையாட வருகிறார்.

ஆகவே வயது அறுபதைத் தாண்டியவர்கள், இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்றால், வாரங்கள் கழித்து வருகிற தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. யாராக இருந்தாலும், தலைவலி மணிக்கு மணி ஏறினால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், எழுப்பியும் விழிக்காத தூக்கம் வந்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், ஒரு கை கால் தளர்ந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிந்தால், ஒப்பீடெல்லாம் வேண்டாம்; 108-ஐக் கூப்பிடுங்கள். சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டு எல்லைக்குள் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. எல்லையில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்தில்தான்.

மாத்திரை விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். மூளை நரம்புக்கு என்று நம் ஊரில் அதிகம் எழுதப்படுகிற சிட்டிகோலின் என்ற மருந்தைத் தலையில் அடிபட்ட 1,213 பேரிடம் சோதித்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் மேலாகத் தேறவில்லை. வலி மாத்திரையில் வேறொரு பொறி. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மாதக்கணக்கில் பாரசிட்டமால் வகை மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். நான் ஐந்தாவது வாரத்தில் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றைத் தலைவலிக்கும் மனச்சோர்வுக்கும் தேவைப்படுகிற சரியான மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவர் எழுத வேண்டும், மருந்துக்கடைக்காரர் எழுதக் கூடாது.

ஆசான்

எல்லாருக்கும் பிடிக்காத பகுதி இது. நம்புகிறவர்களுக்கு நான் குறைத்துச் சொன்னதாகத் தோன்றும், நம்பாதவர்களுக்குக் கூட்டிச் சொன்னதாக.

வர்ம வைத்தியம் எங்கள் மண்ணின் வைத்தியம். உடம்பில் அடிபட்டால் ஆபத்தாகும் வர்ம இடங்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று களரியில் காலெடுத்துவைத்த எந்தப் பையனும் சொல்வான். தலையில் மட்டும் எத்தனை, அடிபட்டால் எந்த நாழிகைக்குள் இளக்க வேண்டும், மயங்கியவரை மீட்க எந்த அடங்கலைத் தொட வேண்டும் என்பதெல்லாம் ஏடுகளில் இருக்கிறது. அம்மாவின் தாய்மாமன் ஆசான். அம்மாவுக்கு இது நம்பிக்கை என்பதைவிடக் குடும்ப விஷயம்.

அம்மா கூட்டிக்கொண்டு போன ஆசான் எண்பதை நெருங்குகிறவர். என்னை உட்காரவைத்து நாடி பார்ப்பதற்கு முன் ஸ்கேன் கவரைக் கேட்டார். வாந்தி வந்ததா, காதில் வடிந்ததா, எழுந்தால் மயக்கமா புரண்டால் மயக்கமா என்று கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. தலையைத் தொடவில்லை. தோளிலும் பிடரியிலும் இளஞ்சூட்டில் எண்ணெய் வைத்து இருபது நிமிடம் தடவினார். அன்று இரவு ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். நான்கு முறை போனேன். கழுத்துப் பிடிப்பு பாதி இறங்கியது. பின்மண்டை வலியும் அதோடு குறைந்தது. அடிபட்ட தலைவலியில் ஒரு பங்கு கழுத்திலிருந்து ஏறுவது என்பது பிறகு படித்தபோது புரிந்தது. தலைசுற்றல் மட்டும் அப்படியே இருந்தது.

இன்னோர் இடத்துக்கும் போனேன், ஒரு நண்பன் சொன்னான் என்று. அங்கே இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை வைத்துச் சட்டென்று திருப்பப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தேன். கழுத்தை வேகமாக முறுக்கினால், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயின் உட்சுவர் கிழியலாம்; அதிலிருந்து பக்கவாதம் வரலாம். முடி வெட்டிய பிறகு கழுத்தில் சொடுக்கு எடுக்கும் பழக்கத்துக்கும் இதே ஆபத்து உண்டு. அடிபட்டவர் அந்த நாற்காலியில் உட்காரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

எல்லைக்கு அப்பால் ஆயுர்வேத சாலைகளில் சிரோதாரை செய்வார்கள். நெற்றியில் எண்ணெய் தாரையாக விழும்போது உடம்பு தளரும், தூக்கம் வரும்; தூக்கம் வந்தால் தலைவலி குறையும். அந்த அளவுக்குச் சரி. மூளையின் இழைகளை ஒட்டவைக்கும் என்று விளம்பரம் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பிரம்மி விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு: மலையாளத்து வைத்தியர் பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மியைச் சொல்கிறார், நம் பக்கத்துப் பாட்டி அதே ஞாபகசக்திக்கு வல்லாரையைத் துவையல் அரைப்பார். இரண்டும் வேறு வேறு செடி. துவையலாக எதையும் சாப்பிடலாம். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பியில் வருகிற செந்தூரம், பற்பம் வேண்டாம்; அவற்றில் ஈயம் கலந்திருந்தால் அது போய்ச் சேருகிற இடமும் மூளைதான். முறையாகப் படித்தவர்களைப் பார்க்க விரும்பினால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கின்றன.

ழ என்ற எழுத்து

ஏழாவது வாரம், வேறு வழியில்லாமல், முதலாளியின் மகள் சொன்ன பிசியோதெரபிஸ்டைப் பார்க்க நாகர்கோவில் போனேன். அந்த அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "தலைசுற்றல் என்றால் என்ன சுற்றுகிறது?"

யோசித்தால், இந்தச் சொல்லுக்குள் நாம் எத்தனையோ அடைத்துவைத்திருக்கிறோம். மலையாளத்திலும் தலகறக்கம் என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அறையே சுழல்வது ஒன்று. படகில் நிற்பது போல் ஆடுவது வேறொன்று. எழும்போது கண் இருட்டுவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. எனக்கு முதல் இரண்டும் இருந்தன.

சுழற்சி: படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலும், பழைய பேரேடு எடுக்க மேல்தட்டை அண்ணாந்து பார்த்தாலும் வரும், ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. அடிபடும்போது அவை இடம்பெயர்ந்து, திசை அறியும் வளைகுழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. என்னை மேசையில் படுக்கவைத்துத் தலையை ஒரு பக்கம், மறுபக்கம், பிறகு உடம்போடு குப்புற என்று நிதானமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்காரவைத்தார். எப்லி முறை என்று பெயர், கண்டுபிடித்த மருத்துவரின் பெயர். பத்து நிமிடம் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ஒருமுறை. அதோடு புரண்டால் சுற்றுவது நின்றுவிட்டது. எம்.ஆர்.ஐ. ரசீதை அன்று மாலை எடுத்து ஒருமுறை பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.

ஆட்டம் அவ்வளவு லேசில் போகவில்லை. அதற்குப் பயிற்சி. ஒரு வெள்ளைத்தாளில் ஏதாவது எழுத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, கண் அதிலேயே நிற்க, தலையை மட்டும் இடமும் வலமும் அசைக்க வேண்டும். மகள் ழ எழுதித் தந்தாள். முதல் நாள் பத்து விநாடியில் ழ இரண்டாகப் பிரிந்து, குமட்டிக்கொண்டு வந்தது. நாளுக்கு ஐந்து முறை. மூன்றாவது வாரம் ஒரு நிமிடம் அசைத்தாலும் ழ அப்படியே நின்றது.

எனக்குப் பஸ்ஸில் ஒரு தனித் தொல்லை இருந்தது. ரப்பர் தோட்டத்தை ஒட்டிப் போகும்போது, வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே வெயில் விட்டு விட்டுக் கண்ணில் அடிக்கும். ஐந்து நிமிடத்தில் தலை பிளக்கும். ஜன்னலோரத்தில் உட்காராதே என்று எல்லாரும் சொன்னார்கள். இந்த அம்மாள் மட்டும், "இரண்டு ஸ்டாப் ஜன்னலில், பிறகு உள்ளே மாறுங்கள், அடுத்த வாரம் மூன்று ஸ்டாப்" என்றார்.

பிறகு நடை. இதற்கு ஒரு கணக்கு உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்காவின் பஃபலோவில் ஜான் லெடி என்ற மருத்துவரின் குழு உருவாக்கிய முறை: டிரெட்மில்லில் நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றத்தைக் கூட்டி, எந்தத் துடிப்பில் தொல்லை ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணில் எண்பது முதல் தொண்ணூறு சதவீதம் வரை தினமும் இருபது நிமிடம் போல உடற்பயிற்சி. எனக்கு 128-இல் தலைவலி ஏறியது. எண்பது சதவீதம் 102, தொண்ணூறு 115. மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிக்கு 26 முதல் 28 துடிப்பு எண்ணினால் சரியான வேகம். குழித்துறை ஆற்றோரம் சப்பாத்துத் தரைப்பாலம்வரை போய்த் திரும்பினேன்; வெள்ளம் வந்து சப்பாத்தை மூடிய நாட்களில் வீட்டு மொட்டைமாடியில். பத்துக்கு இத்தனை என்று வலிக்கு மதிப்பெண் போட வேண்டும். நடக்கும்போது இரண்டு எண் வரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் தொடரலாம். அதற்கு மேல் ஏறினால் மறுநாள் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது.

லெடியின் குழு 2019-இல் வெளியிட்ட சோதனையில் 103 இளம் விளையாட்டு வீரர்கள் இருந்தார்கள். இப்படி அளந்து உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளில் தேறினார்கள். வெறும் தசைநீட்டல் செய்தவர்கள் 17 நாளில். இரண்டும் நடுவெண்தான். கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்து பிசியோதெரபி பெற்றவர்களைப் பற்றிய 2014-ஆம் ஆண்டு கனடியச் சோதனை சிறியது, 31 பேர்தான். ஆனால் எட்டு வாரத்தில் விளையாடத் தகுதி பெற்றவர்கள் சிகிச்சைப் பிரிவில் 73 சதவீதம், மற்றதில் 7. சிறிய சோதனை என்பதால் பாதியாகக் குறைத்து நம்பினாலும் வேறுபாடு பெரிதுதான்.

இந்த வழியின் குறை என்னவென்றால், ஆள் கிடைப்பது அருமை. பிசியோதெரபி மையம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. முதுகுக்கும் முழங்காலுக்கும் கரண்ட் வைப்பார்கள். தலைசுற்றல் பயிற்சி தெரியுமா, எப்லி செய்வீர்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போக வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனாலும் துகள் பிரச்சினை தீரும். இன்னொரு குறை, இது சலிப்பூட்டுவது. மாத்திரை போல விழுங்கிவிட முடியாது. ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு மகள் கூப்பிட்டபோது, ராட்டினத்து விளக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்து என்னை இருபது நிமிடத்தில் வெளியே தள்ளின. ஆனால் இருபது நிமிடம் நின்றேன். ஒரு மாதம் முன்பு கேட்டருகே கூடப் போயிருக்க மாட்டேன்.

இனி மறதி வருமா?

இரவு ஒரு மணிக்கு என்னை எழுப்பியது இந்தக் கேள்விதான். பந்தைக் கையில் பிடித்து மோதி ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை 2002-இல் பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் ஆராய்ந்து சொன்னதிலிருந்து, தலையில் அடி என்றாலே மூளை சிதைவு என்ற பயம் பரவிவிட்டது. ஆனால் அந்தச் சிதைவு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அடி வாங்கியவர்களிடம் காணப்படுவது. இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். ஒருமுறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தேறியவனின் கணக்கு அந்தப் பேரேட்டில் வராது.

அக்காள் மகனின் கணக்குதான் வரும். தூத்தூர்ப் பக்கம் கடற்கரை ஊர்களில் கால்பந்து என்றால் சாப்பாடு வேண்டாம். அவன் ஒன்பது வயதுக்காரன். தலையால் முட்டிப் பழகுவதில்தான் பெருமை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள், மூளை சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று 2019-இல் தெரியவந்தது. 2015-லேயே அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, பத்து வயது வரையிலான பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அறிவித்தது. அக்காளிடம் விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இப்போதைக்குக் காலால் மட்டும் ஆடட்டும். யாரோடாவது மோதித் தலையில் அடிபட்டால் அன்று அந்த ஆட்டம் அவனுக்கு முடிந்தது, முழுதாகத் தேறி ஒரு வாரமாவது படிப்படியாக ஓடிப் பார்த்த பிறகுதான் மைதானம் என்றேன். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுவதுதான் ஆபத்து. மைத்துனர் சொன்ன எதையும்விட இதற்கு அக்காள் சீக்கிரம் தலையாட்டினாள்.

என்னைப் பொறுத்தவரை, பிற்காலத்து மூளைக்கு எது நல்லது என்பதில் ஐந்து வழிகளுக்கும் நடுவே போட்டியே இல்லை. மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று லான்செட் ஆணையம் 2024-இல் சொன்னது. தலைக்காயம் அதில் ஒன்று. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, காது மந்தம், அசையாத வாழ்க்கை, தனிமை, இவையும் அந்தப் பட்டியலில். விபத்தன்று என் இரத்த அழுத்தம் 150-க்கு 96. அதிர்ச்சியால் என்று விட்டுவிட்டோம். இரண்டு மாதம் கழித்தும் அதே எண். எம்.ஆர்.ஐ.க்கு அலைந்த நேரத்தில் அதைப் பார்த்திருக்கலாம். எல்லை தாண்டினால் கள்ளுக்கடை என்பது எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வரம். தலை ஆறும்வரை அந்தப் பக்கம் போகவில்லை, பிறகும் பழக்கம் விட்டுப்போனது.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் மனைவி சொல்வதைக் கேளுங்கள், மூன்றாம் நாள் மெல்ல நடங்கள். நான்கு வாரத்தில் தேறவில்லையென்றால், ஊரிலேயே ஒரு நரம்பு மருத்துவரையோ பொது மருத்துவரையோ பார்த்து, கழுத்தா, காதா, தூக்கமா, மனமா என்று பிரித்துக் கேளுங்கள். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் வந்தால் 108; திருவனந்தபுரத்தை, மருத்துவர் கடிதம் கொடுத்தால் போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ஒரே ஒரு வழிக்கான பணம் என்றால், சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட். எனக்கு ஒன்பது முறைக்கு ஆன செலவு, ஸ்கேன் செலவில் பாதி. அம்மாவின் மனம் நோக வேண்டாம் என்றால் ஆசானிடமும் போகலாம், கழுத்தை முறுக்காதவராக இருந்தால்.

போன மாதம் முழங்கால் வலிக்காக அந்தப் பழைய ஆசானிடம் போனேன். எண்ணெய் தடவிக்கொண்டே தலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ழ கதையைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுவர்க் காலண்டர் முன்னால் நின்றார். அதிலிருந்த ஓர் எழுத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். எட்டாவது முறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.